பம்பி இறங்கிய ஆழம்

கொழும்பில் தண்ணீர் இழுக்கும் அதே பம்பி வட்டகொடையில் அவ்வளவு இழுக்காது. எஞ்சினில் கோளாறு இருக்காது, ஓஸில் ஓட்டையும் இருக்காது. குறை காற்றில் இருக்கிறது. பம்பி தண்ணீரை இழுக்கிறது என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். அது செய்வதெல்லாம் குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுவதுதான். வெளியே கிணற்று நீரின் மேல் அமர்ந்திருக்கும் வளிமண்டலம், அந்த வெற்றிடத்துக்குள் தண்ணீரைத் தள்ளி ஏற்றுகிறது. கடல் மட்டத்தில் அந்த அமுக்கம் தாங்கக்கூடிய நீரின் உயரம் ஏறத்தாழ 10.3 மீற்றர். தலவாக்கலையைத் தாண்டி ரயில் வட்டகொடைக்கு வரும்போது சுமார் 4,400 அடி ஏறிவிட்டோம். இங்கே காற்றின் அமுக்கம் குறைவு என்பதால் கணக்குப்படி 9 மீற்றருக்கும் குறைவாகவே தண்ணீர் ஏறும். குழாயின் உராய்வையும் தேய்ந்த வால்வையும் கழித்துப் பார்த்தால், ஆறு மீற்றர் கிடைத்தாலே பெரிய காரியம்.

எவ்வளவு பெரிய எஞ்சினை வாங்கிப் பொருத்தினாலும் இந்த எல்லை நகராது. எனவே ஆழத்திலிருந்து எதையாவது மேலே கொண்டுவர விரும்பியவர்களுக்கு ஒரே வழிதான் இருந்தது. மேலிருந்து இழுப்பதை விட்டுவிட்டு, பம்பியைக் கீழே இறக்கி அங்கிருந்து தள்ள வேண்டும். சுரங்கத் தொழிலில் பம்பியின் வரலாறு என்பது அது படிப்படியாகக் கீழே இறங்கிய வரலாறு. இன்று அதைச் சுமக்க வேண்டிய வண்டி இந்து சமுத்திரத்தின் அடியில் ஐந்து கிலோமீற்றர் ஆழம் வரை போய் வந்திருக்கிறது. அந்தச் சமுத்திரத்தின் அடியில் இலங்கைக்கும் ஒரு கோரிக்கை இருக்கிறது.

நமக்குப் பக்கத்தில் பம்பி இறங்குவதைப் பார்க்க மாணிக்கக்கல் குழிக்குப் போகலாம். இரத்தினபுரியில் வயல்களுக்கு அடியிலும், மலையகத்தில் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கிலும் கல் கிடப்பது ‘இல்லம்’ என்று சொல்லப்படும் பரல் படுக்கையில். பழைய ஆற்றுப் படுகைகள் மண்ணுக்கடியில் புதைந்து உருவான அடுக்கு அது. குழியின் சுவர் சரியாமல் இருக்க மரச் சட்டமும் அதன் பின்னால் பன்னக் கொடியும் இலை தழையும் வைத்து அடைத்து இறங்குவார்கள். பத்தடி போவதற்குள் தண்ணீர் ஊறத் தொடங்கிவிடும். இரவில் பம்பி நின்றால் விடியும்போது குழி கிணறாகியிருக்கும். இந்தத் தொழிலில் வருமானத்தைப் பங்காகப் பிரிக்கும்போது நிலத்துக்காரருக்கும், அனுமதிப்பத்திரக்காரருக்கும், இறங்கி வெட்டுகிறவர்களுக்கும் போலவே பம்பி கொடுத்தவருக்கும் தனிப் பங்கு உண்டு. கூலியோ வாடகையோ அல்ல, பங்கு. பம்பி இல்லாவிட்டால் இல்லத்தைத் தொடவே முடியாது என்பதைச் சட்டப் புத்தகம் இல்லாமலே அந்த மனிதர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

தண்ணீரை வெளியேற்றுவது ஒரு வேலை. தண்ணீரோடு கல்லையும் மண்ணையும் சேர்த்து ஏற்றுவது வேறொரு வேலை. சாதாரண பம்பியின் சுழலிக்குள் பரல் புகுந்தால் சில நாட்களில் அதன் இதழ்கள் தேய்ந்துவிடும். ஆற்றுப் படுகையில் பொன்னும் மணியும் தேடுகிறவர்களின் சிறிய உறிஞ்சு இயந்திரங்கள் இதற்கு ஒரு தந்திரம் செய்கின்றன. பம்பி வெறும் தண்ணீரை மட்டும் வேகமாக ஒரு குழாய்க்குள் பீய்ச்சும். அந்தப் பீய்ச்சல் தன் பின்னால் ஒரு வெற்றிடத்தை உண்டாக்க, அதற்குள் படுகையின் பரல் ஏறி வரும். கல் எதுவும் சுழலியைத் தொடுவதில்லை. ஆழமில்லாத ஆற்றுக்கு இது போதும்.

பெரிய சுரங்கத்துக்குப் போதாது. 1556 இல் வெளிவந்த அக்ரிகோலாவின் சுரங்கவியல் நூலிலேயே, ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கிய உறிஞ்சு பம்பிகளின் படங்கள் இருக்கின்றன. கீழேயிருக்கும் பம்பி ஒரு தொட்டியில் ஊற்ற, அடுத்தது அங்கிருந்து எடுத்து அடுத்த தொட்டியில் ஊற்றும். ஏன் ஒரே பம்பியால் முடியவில்லை என்பது அந்தக் காலத்தில் யாருக்கும் விளங்கவில்லை. 1640களில் இத்தாலிய அறிஞர் டொரிச்செல்லி பாதரசக் குழாயைக் கவிழ்த்துக் காற்றின் அமுக்கத்தைக் காட்டிய பிறகுதான் குற்றம் பம்பியின் மேல் இல்லை என்பது தெரிந்தது. சுரங்கத் தொழிலாளி அறிவியலுக்கு ஏறத்தாழ நூறு வருடம் முன்னாலேயே விடையைக் கையால் கண்டுபிடித்து வைத்திருந்தான்.

மண்ணையும் கல்லையும் விழுங்கித் துப்பும் பம்பி வருவதற்கு இன்னும் காலம் பிடித்தது. மலாயாவின் கிந்தா பள்ளத்தாக்கில் வெள்ளீயம் எடுத்தவர்கள் மலைச்சரிவைத் தண்ணீர்ப் பீய்ச்சலால் உடைத்து, சேறும் பரலுமாக ஓடி வருவதைக் குழியின் அடியில் வைத்த பரல் பம்பியால் மேலே ஏற்றி, நீண்ட மரத்தொட்டிகளில் ஓடவிட்டு வெள்ளீயத்தைப் பிரித்தார்கள். 1938 இல் மேற்கு அவுஸ்திரேலியாவின் கல்கூர்லிப் பொன்வயலில் சார்ள்ஸ் வார்மன் என்ற பொறியியலாளர் தேய்மானத்தைத் தாங்கும் சேற்றுப் பம்பியை உருவாக்கினார். அவர் பெயர் தாங்கிய பம்பிகள் இன்றும் உலகச் சுரங்கங்களில் ஓடுகின்றன. அதோடு தரையில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது.

இனிக் கடலுக்குப் போகலாம்.

பிரித்தானியாவின் சலஞ்சர் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றி ஆய்ந்தது. 1873 இல் அத்திலாந்திக்கின் அடியிலிருந்து அதன் வலை கறுப்பு உருண்டைகளை அள்ளி வந்தது. உருளைக்கிழங்கு அளவிலான அந்தக் கட்டிகளில் மங்கனீசும் இரும்பும் நிறைந்திருந்தன. நிக்கல், செம்பு, கோபாற்று ஆகியவையும் இருந்தன. சில கட்டிகளை உடைத்தால் நடுவில் ஒரு சுறாப் பல் இருக்கும். அந்தப் பல்லைச் சுற்றி, பத்து இலட்சம் வருடத்துக்குச் சில மில்லிமீற்றர் என்ற வேகத்தில் உலோகம் படிந்து படிந்து கட்டி வளர்ந்திருக்கிறது. இவை பாறையில் ஒட்டியிருப்பதில்லை. நான்கு, ஐந்து, ஆறு கிலோமீற்றர் ஆழத்தில் சேற்றின் மேல் சும்மா கிடக்கின்றன. பொறுக்கினால் போதும் என்று தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பி அரை நூற்றாண்டாகப் பலர் பணத்தைக் கடலில் கொட்டியிருக்கிறார்கள்.

முதலில் கொட்டியவர்களில் ஒருவருக்குக் கட்டிகளில் அக்கறையே இல்லை. 1974 இல் கோடீசுவரர் ஹோவார்ட் ஹியூஸின் பெயரில் ‘குளோமர் எக்ஸ்புளோரர்’ என்ற பிரமாண்டமான கப்பல் பசிபிக்குக்குப் போனது. கடலடிக் கட்டிகளைத் தோண்டப் போகிறது என்று உலகம் நம்பியது. பத்திரிகைகள் எழுதின. அது போனதோ மூழ்கிக் கிடந்த சோவியத் நீர்மூழ்கி ஒன்றைத் தூக்க. செலவு அமெரிக்க உளவுத்துறையுடையது. ஆனால் அந்தப் பொய்யைக் கேட்டு மற்ற நிறுவனங்கள் மெய்யாகவே இறங்கின. 1978 இல் பல நாட்டு நிறுவனங்கள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு பசிபிக்கில் ஐந்து கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து சில நூறு தொன் கட்டிகளை மேலே கொண்டுவந்து காட்டியது.

எப்படி என்பதுதான் சுவையான இடம். ஐந்து கிலோமீற்றர் உயரத்துக்குத் தண்ணீரைத் தள்ள என்ன சக்தி வேண்டும் என்று மலைக்கத் தேவையில்லை. குழாய்க்கு உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. தண்ணீரை விடக் கூடுதலாக இருக்கும் கல்லின் எடையையும், குழாய்ச் சுவரின் உராய்வையும் வென்றால் போதும். இதற்கு ஒரு வழி, குழாயின் பாதி வழியில் மேலேயிருந்து அமுக்கிய காற்றைச் செலுத்துவது. குமிழிகள் கலந்த நீர் இலேசாகிவிடும். அடியிலிருக்கும் கனத்த நீர் அதை மேலே தள்ள, கட்டிகளும் சேர்ந்து ஏறும். காற்றேற்றம் எனப்படும் இந்த முறையில் கல் படும் இடத்தில் சுழலும் பாகம் ஒன்றுமில்லை. இன்னொரு வழி, குழாயின் நடுவிலோ அடியிலோ பம்பியையே இறக்கிவிடுவது. எந்த வழியிலும் ஒரு நிபந்தனை உண்டு. குழாய்க்குள் நீரின் வேகம் கல் கீழே விழும் வேகத்தைவிட எப்போதும் அதிகமாக இருக்க வேண்டும். மின்சாரம் ஒரு நிமிடம் நின்றால் குழாயிலிருக்கும் கல்லெல்லாம் அடியில் போய் அடைத்துக்கொள்ளும்.

உலோக விலை விழுந்ததும் மேற்கத்திய நிறுவனங்கள் கடையைக் கட்டின. இந்தியா அப்போதுதான் தொடங்கியது. 1981 ஜனவரி 26 ஆம் தேதி, இந்தியக் குடியரசு தினத்தில், ‘கவேஷணி’ என்ற ஆய்வுக் கப்பல் அரபிக்கடலின் அடியிலிருந்து முதற் கட்டிகளை எடுத்தது. 1987 இல் மத்திய இந்து சமுத்திரப் படுகையில் 150,000 சதுர கிலோமீற்றரை முன்னோடி முதலீட்டாளராகப் பதிவு செய்துகொண்டது. அப்படிப் பதிவு பெற்ற முதல் நாடு இந்தியா. பின்னர் அதில் பாதியை விட்டுக்கொடுத்து 75,000 சதுர கிலோமீற்றரை வைத்துக்கொண்டது. அங்கே 380 மில்லியன் தொன் கட்டிகள் கிடக்கின்றன என்பது இந்திய அரசின் மதிப்பீடு.

பொறுக்கும் இயந்திரத்தைச் செய்யும் வேலை சென்னை பள்ளிக்கரணையிலிருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்திடம் வந்தது. 1993 இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. ஜேர்மனியின் ஸீகன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அவர்கள் எடுத்துக்கொண்ட வடிவம் பசிபிக் பாணியிலிருந்து விலகியது. சங்கிலிப் பட்டியில் ஊர்ந்து போகும் ஒரு வண்டி. முன்பக்கம் அள்ளும் கை. உடம்புக்குள் கட்டிகளைச் சிறு துண்டுகளாக நொறுக்கும் அரைவை. அதற்குப் பின்னால், துண்டும் நீரும் கலந்த குழம்பை வளையும் குழாய் வழியாக மேலே தள்ளும் பம்பி. அதாவது பம்பி முழுமையாகக் கடலடிக்கே போய்விட்டது. இரும்புக் குழாயை ஐந்து கிலோமீற்றருக்குக் கோத்துத் தொங்கவிடத் துளையிடும் கப்பல் வேண்டும். வளையும் குழாயைச் சுருட்டி எடுத்துப் போகலாம். கையிலிருக்கும் கப்பலுக்கும் கையிலிருக்கும் பணத்துக்கும் ஏற்ற யோசனை என்றுதான் இதைப் பார்க்கிறேன்.

2000 ஆம் ஆண்டு 410 மீற்றர் ஆழத்தில் இந்தியக் கடலில் அந்த வண்டி மணலை அள்ளி மேலே அனுப்பியது. அடுத்த சோதனைகள் மகாராஷ்டிரத்தின் மால்வன் கரைக்கு அப்பால், 500 மீற்றரை ஒட்டிய ஆழங்களில். அங்கே இயற்கையில் கட்டி கிடையாது. எனவே செயற்கைக் கட்டிகளைச் செய்து, அவற்றைக் கடலடியில் பரப்ப ஒரு கருவியையும் செய்து, பரப்பியதைத் தாங்களே பொறுக்கினார்கள். கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் பொறியியலில் இப்படித்தான் காலம் போகும்.

பிறகு வந்த தடை பம்பியில் இருக்கவில்லை, தரையில் இருந்தது. மத்திய இந்து சமுத்திரப் படுகையின் அடி, நுண்ணுயிர்களின் சிலிக்காக் கூடுகள் மழையாகப் பெய்து சேர்ந்த சேறு. மேல்மட்டம் கட்டித்தயிர் மாதிரி. அதன்மேல் பல தொன் எடையுள்ள இயந்திரம் நிற்க வேண்டும், நடக்க வேண்டும், திரும்ப வேண்டும். புதைந்தால் இழுக்க யாரும் இல்லை. இழுத்தால் வடம் அறும். சேறு எவ்வளவு தாங்கும் என்று மேலே கொண்டுவந்து அளக்கவும் வழியில்லை. வரும் வழியிலேயே அது கலங்கிக் குணம் மாறிவிடும். எனவே அதே நிறுவனம் சேற்றை அது கிடக்கும் இடத்திலேயே அளக்கும் கருவியை 5,000 மீற்றருக்குக் கீழே இறக்கியது. அந்த அளவுகளை வைத்துக்கொண்டு அகலமான பட்டிகளும், தண்ணீரில் எடையைக் குறைக்கும் மிதவைப் பொருளும் கொண்ட புதிய வண்டியைக் கட்டினார்கள்.

அதற்கு ‘வராஹா’ என்று பெயர் வைத்தார்கள். கடலுக்குள் போன பூமியைக் கொம்பில் ஏந்தி வந்த அவதாரத்தின் பெயர். கொஞ்சம் பெரிய பெயர்தான். 2021 இல் ‘சாகர் நிதி’ கப்பலிலிருந்து இறங்கி, மத்திய இந்து சமுத்திரத்தில் 5,270 மீற்றர் ஆழத்தில் வராஹா சேற்றின் மேல் ஊர்ந்தது. அங்கே ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் அரைத் தொன்னுக்கு மேல் அமுக்கம். மோட்டரின் உள்ளே எண்ணெயை நிரப்பி, அந்த எண்ணெயின் அமுக்கத்தை வெளியே இருக்கும் கடலின் அமுக்கத்தோடு எப்போதும் சமன்செய்து வைத்தால்தான் உறை நொறுங்காது. மின்சாரமும் கட்டளையும் ஒரே வடத்தில் கப்பலிலிருந்து வர வேண்டும். இத்தனைக்கும் பிறகு அந்தப் பயணத்தில் வண்டி நடந்த தூரம் சுமார் 120 மீற்றர். வட்டகொடை ரயில் மேடையின் நீளம் என்று வைத்துக்கொள்ளலாம். இருபது வருட உழைப்புக்கு அது குறைவில்லை என்பது என் எண்ணம். அதே ஆண்டு பெல்ஜிய நிறுவனமொன்றின் ‘பட்டானியா 2’ என்ற வண்டி பசிபிக்கின் அடியில் வடத்திலிருந்து கழன்று சில நாட்கள் அநாதையாகக் கிடந்தது. பிறகு ஒருவழியாக மீட்டார்கள்.

2024 இல் சென்னைக்காரர்கள் அந்தமான் கடலில் 1,173 மீற்றர் ஆழத்தில் நூறு கிலோவுக்கு மேல் மெய்யான கட்டிகளைத் திரட்டினார்கள். ஐயாயிரம் மீற்றரிலிருந்து நொறுக்கிய கட்டியைத் தொடர்ச்சியாகக் கப்பல் தளம் வரை ஏற்றிக் காட்டுவது இனித்தான். அதில் முந்தியது பசிபிக்கில் ஒரு தனியார் கூட்டணி. 2022 இல் ‘ஹிடன் ஜெம்’ என்ற கப்பலில், 4,300 மீற்றர் ஆழத்திலிருந்து காற்றேற்ற முறையில் 3,000 தொன்னுக்கு மேல் ஏற்றியது. அந்தப் பழைய குமிழித் தந்திரமே வென்றது.

இதுவரை சொன்னதைப் படித்தவருக்கு இயந்திரத்தின் மேல் ஒரு பிரியம் வந்திருக்கலாம். எனக்கும் உண்டு. ஆனால் பொகவந்தலாவைப் பக்கம் மாணிக்கக்கல் தோண்டப் பெக்கோ இயந்திரம் இறங்கிய இடத்துக்குக் கீழே கெசல்கமுவ ஓயா என்ன நிறத்தில் ஓடுகிறது என்பதைப் பார்த்தவர்கள் அடுத்த கேள்வியைக் கேட்பார்கள். கல்லைப் பிரித்தபின் சேறு எங்கே போகிறது? ஓயாவின் சேறு காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போய்ப் படிகிறது. கடலில் இரண்டு இடத்தில் சேறு கிளம்பும். வண்டி ஊரும் இடத்தில் ஒன்று, கப்பலில் கட்டியைப் பிரித்தபின் திருப்பி ஊற்றும் நீரில் இன்னொன்று. நுண்ணிய துகள்கள் பேரமைதியான அந்த நீரில் தூரம் போய் மெதுவாக இறங்கும். நீரை வடித்து உண்ணும் உயிர்களும் அங்கே வாழ்கின்றன.

பெரு நாட்டுக்கு அப்பால் 1989 இல் ஜேர்மானிய ஆய்வாளர்கள் கடலடியை வேண்டுமென்றே உழுதுவிட்டு, மீட்சியைப் பார்க்கக் காத்திருந்தார்கள். 2015 இல் திரும்பிப் போனபோது உழவுச் சால்கள் அப்படியே இருந்தன. பசிபிக்கில் 1979 இல் ஒரு சோதனை வண்டி ஓடிய தடத்துக்கு நாற்பத்து நான்கு வருடம் கழித்துப் போனவர்களும் தடத்தைப் பார்த்தார்கள். சில உயிர்கள் திரும்பியிருந்தன, எல்லாம் இல்லை. கட்டியின் மேல் ஒட்டி வாழும் உயிர்களுக்குத் திரும்ப வீடே இல்லை. வீடு வளரப் பல இலட்சம் வருடமாகும்.

இலங்கைக்கு இதில் என்ன என்று கேட்கலாம். அஃபனாசி நிகிடின் என்று ஒரு கடலடி மலை இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் இந்தியா வந்த ரஷ்ய வணிகரின் பெயர் அதற்கு. சுமார் 4,800 மீற்றர் ஆழத்திலிருந்து எழுந்து 1,200 மீற்றர் ஆழம் வரை உயர்ந்து நிற்கிறது. அதன் பாறைகளின் மேல் கோபாற்று நிறைந்த உலோக ஓடு படிந்திருக்கிறது. 2024 ஜனவரியில் அங்கே 3,000 சதுர கிலோமீற்றரை ஆராய அனுமதி கேட்டு, ஜமெய்க்காவின் கிங்ஸ்டனிலுள்ள சர்வதேசக் கடலடி அதிகாரசபையிடம் இந்தியா விண்ணப்பித்தது. அந்தப் பகுதி வேறொரு நாட்டின் கண்டமேடைக் கோரிக்கைக்குள் வருகிறதே என்று அதிகாரசபை கேட்டது. அந்த நாடு இலங்கை. 2009 மே மாதம் ஐக்கிய நாடுகளிடம் நாம் சமர்ப்பித்த கோரிக்கைக்குள் அந்த மலையும் அடங்குகிறது.

கோரிக்கையின் அடிப்படை இன்னும் விசித்திரமானது. 1970களில் கடற்சட்ட மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கையின் ஹமில்டன் ஷெர்லி அமரசிங்க. மாநாடு முடிவதற்குள் 1980 இல் அவர் இறந்துவிட்டார். 1982 இல் முடிந்த அந்த மாநாட்டின் இறுதி ஆவணத்தில், வங்காள விரிகுடாவின் தெற்குப் பகுதிக்கென்று ஒரு தனி விதி சேர்க்கப்பட்டது. கடலடியில் படிந்திருக்கும் மண்ணின் தடிமன் ஒரு கிலோமீற்றருக்குக் குறையாத இடம் வரை கரையோர நாடு உரிமை கோரலாம் என்கிறது அந்த விதி. சேறு எவ்வளவு கனம் என்பதே நம் உரிமையின் அளவுகோல்.

அந்த மலையில் வராஹா போன்ற வண்டியால் பயனில்லை. ஓடு பாறையோடு ஒட்டியிருப்பதால் அதை வெட்ட வேண்டும், அதுவும் சரிவில். ஆகவே அகழ்வு நாளைக்கே தொடங்கிவிடும் என்று பயப்படத் தேவையில்லை. கடலடி அகழ்வுக்கான விதிமுறையைக்கூட அதிகாரசபையால் 2025 யூலைக் கூட்டத்தில் முடிக்க இயலவில்லை. அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசத்தை நாம் வீணடிக்கிறோம் என்பதுதான் என் குற்றச்சாட்டு. இந்தியா இருபது வருடத்துக்கு மேலாகப் பம்பியைக் கட்டிக்கொண்டிருக்கிறது. நம் கையில் நிலத்துக்கான விண்ணப்பம் மட்டும் இருக்கிறது. மாணிக்கக் குழியில் நிலத்துக்காரனுக்குப் பங்கு உண்டுதான், ஆனால் குழியில் என்ன இருந்தது என்று அளக்கத் தெரியாதவன் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

பேராதனையிலும் மொறட்டுவையிலும் பொறியியல் படிக்கும் மலையகப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கடலடிச் சேற்றை அளப்பதும், சேற்றுப் புகை எவ்வளவு தூரம் போகும் என்று கணக்கிடுவதும் இயந்திரம் கட்டுவதைவிட மலிவான வேலைகள். தீவு நாடொன்றின் பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடியவை. அந்த மலையைச் சுற்றி இப்போது என்ன வாழ்கிறது, சேறு எவ்வளவு கனம் என்ற இரண்டு அளவுகளையும் அரசு முதலில் தானே எடுத்துப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். யார் வெட்டுவது, யாருக்கு எவ்வளவு பங்கு என்ற பேச்சு அதற்குப் பிறகு வரட்டும்.